கத்தாத நாய்க்கு வலி இல்லையாம்: சுங்கை சிப்புட் வட்டாரத்தாருக்கு ஓர் எச்சரிக்கை

பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கம் நாய், பூனை வளர்ப்பவர்கள் இதைப் பொறுமையாகப் படித்துவிடுங்கள். ஆளின் பெயரையும் கடையின் பெயரையும் எழுதப் போவதில்லை. புகார் கொடுக்கப் போகிறேன், அதற்கு முன் எழுதுவது முறையல்ல. தீனி விற்கும் கடை, பின்கட்டில் ஒரு மேசை, மேசைமேல் ஊசிமருந்துக் குப்பிகள், எதிரே எல்லாராலும் டாக்டர் என்று அழைக்கப்படும் ஒருவர். இப்படி ஓர் இடத்தை எந்த ஊரில் பார்த்தாலும் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

எங்கள் நாய் வெள்ளையனுக்கு 11 வயது. தோட்டத்து லயத்தில் பிறந்தவன்; நாங்கள் தாமான் குடியிருப்புக்குக் குடிவந்தபோது அம்மாவின் மடியில் உட்கார்ந்து வந்தான். சில மாதங்களாக அவன் எழுந்திருக்கும் விதம் மாறியிருந்தது. முன்னங்கால்களை ஊன்றிவிட்டு, பின்பாகத்தைத் தரையிலேயே வைத்துக்கொண்டு சற்று நேரம் யோசிப்பான்; பிறகுதான் இடுப்பு எழும்பும். கொஞ்சம் நடந்தால் சரியாகிவிடும் என்பதால் நாங்களும் விட்டுவிட்டோம். வலது பின்னங்கால் முட்டியை ஓயாமல் நக்கி நக்கி, அங்கே மட்டும் வெள்ளை முடி காவியேறிப் போயிருந்தது. வாசலுக்கு மூன்றே படிகள். அவற்றில் ஏறுவதையும் நிறுத்திவிட்டு காருக்கு அடியில் படுக்கத் தொடங்கினான். ஒருநாள் அம்மா சீவிவிடும்போது இடுப்பில் சீப்புப் பட்டது. உறுமினான். அம்மாவிடம் அவன் உறுமியது அதுதான் முதல் தடவை.

இத்தனையையும் அந்த மனிதரிடம் சொன்னேன். அவர் காலை மடக்கிப் பார்க்கவில்லை, நடக்கவிட்டுப் பார்க்கவும் இல்லை.

"கத்துகிறதா?"

"இல்லை அண்ணே."

"வலித்தால் கத்தாதா தங்கச்சி? வயதாகிவிட்டது, அவ்வளவுதான். ஓர் ஊசி போட்டால் குட்டி மாதிரி ஓடும்."

ஓர் ஊசி, இரண்டு நிறங்களில் மாத்திரைகள், 180 வெள்ளி (ரிங்கிட்). மாத்திரைகளை வெறும் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார். பையின்மேல் மருந்தின் பெயரில்லை, அளவில்லை. 'காலை, இரவு' என்று பேனாக் கிறுக்கல் மட்டும். ரசீது கேட்டதற்கு, "நமக்குள் ரசீது எதற்கு?" என்று சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

மறுநாளே வெள்ளையன் ஓடினான், பொய் சொல்லக் கூடாது. நாங்கள் ஏமாந்ததே அங்கேதான். சட்டியில் வைத்த சோறு போதாமல் அம்மாவின் தட்டுக்கு வந்தான். தண்ணீர்ச் சட்டியை ஒரே நாளில் நான்கு தடவை காலி செய்தான். விடிந்தால் வாசலெல்லாம் சிறுநீர். தெம்பு வந்துவிட்டது என்று மகிழ்ந்துகொண்டே கழுவினோம். பத்தாம் நாள் சோற்றை முகர்ந்துவிட்டு விலகினான். மறுநாள் மலம் சாலைத் தார் போலக் கறுத்து, பிசுபிசுத்து இருந்தது. கடைக்குத் தொலைபேசியில் அழைத்தால், "உடம்புச் சூடு. இளநீர் கொடுங்கள். வலி திரும்பினால் வீட்டில் இருக்கும் பாரசெட்டமோலில் பாதி கொடுங்கள்" என்றார்.

அன்றே ஈப்போவுக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த கால்நடை மருத்துவர் முதலில் அவனைத் தரையில் நடக்கவிட்டுப் பார்த்தார். உதட்டைத் தூக்கிக் காட்டினார், ஈறு வெளுத்திருந்தது. கறுத்த மலம் என்றால் இரைப்பையிலோ சிறுகுடலின் மேற்பகுதியிலோ கசிந்த ரத்தம் செரித்து வருவது என்றார். அந்தத் தாகமும் பசியும் ஸ்டீராய்டு என்ற வீக்கம் அடக்கும் மருந்தின் அடையாளங்கள். அதோடு வலிக்கும் வீக்கத்துக்குமான மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்தால் இரைப்பையில் புண் வந்துவிடும். அதுதான் நடந்திருக்க வேண்டும் என்றார். பையில் பெயர் இல்லாததால் அவராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. எக்ஸ்ரேயில் இடுப்பிலும் முட்டியிலும் மூட்டுத் தேய்மானம் தெளிவாகத் தெரிந்தது. அதற்கு உரிய மருந்தும் இருக்கிறது. ஆனால் புண் ஆறி, பழைய மருந்து உடம்பைவிட்டு நீங்கும்வரை அதைத் தொடங்க முடியாது. அதுவரை இரைப்பைக்கு மருந்து, வேறு வகை வலிமருந்து கொஞ்சம், வழுக்கும் தரையில் பாய். ரத்தப் பரிசோதனையும் சேர்த்து மொத்தம் 1,300 வெள்ளி.

கத்தவில்லையே டாக்டர் என்று நானும் கேட்டேன். திடீரென்று அடிபட்டால் கத்தும், மாதக்கணக்காக வலித்தால் பெரும்பாலும் ஒடுங்கிவிடும் என்றார். எழுந்திருக்கத் தயங்குவது, ஒரே இடத்தை நக்குவது, படி ஏறாதது, தொட்டால் உறுமுவது, எல்லாம் நான் அந்தக் கடையில் ஒப்பித்த பட்டியல்தான்.

பாரசெட்டமோல் பேச்சை எடுத்ததும், வீட்டில் பூனை இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது. பூனையின் கல்லீரலால் அந்த மருந்தை முறித்து வெளியேற்ற முடியாதாம். ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழந்து, ஈறு பழுப்பாகி, முகம் வீங்கும். ஒரு மாத்திரையே கொன்றுவிடலாம். பூனையின் வலி நாயின் வலியைவிடக் கள்ளத்தனமானது: கட்டிலுக்கு அடியில் ஒளியும், அலமாரிமேல் தாவாது, உடம்பை நக்கிச் சுத்தம் செய்வதை விட்டுவிடும், கண்ணைச் சுருக்கிக் காதைப் பக்கவாட்டில் தாழ்த்திக்கொள்ளும்.

நம் நாட்டில் 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மலேசியக் கால்நடை மருத்துவ மன்றத்தில் பதிந்தவர்தான் கால்நடை மருத்துவராகத் தொழில் செய்ய முடியும். ஆண்டுதோறும் தொழில் சான்றிதழும் எடுக்க வேண்டும். அதைக் கேட்டுப் பாருங்கள். கேட்க எனக்குத்தான் வாய் வரவில்லை.

போன வாரம் அந்தக் கடைக்குப் போய் மருந்தின் பெயரைக் கேட்டேன். "எல்லாம் நல்ல மருந்துதான்" என்றார். மிச்ச மாத்திரைகளைக் கொண்டுவந்தால் பாதிப் பணம் தருவதாகவும் சொன்னார். பையில் இன்னும் ஏழு மாத்திரைகள் இருக்கின்றன. கொடுக்கவில்லை, புகார்க் கடிதத்தோடு அவையும் போகின்றன.