சதாரா முகாம்: ஆண் சிங்கங்களைப் பின்தொடர்பவருக்கு எவ்வளவு பயன்?

தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவில் சிங்கம் பார்க்க எங்கே தங்கலாம் என்று யாரைக் கேட்டாலும் சதாரா என்றுதான் சொல்வார்கள். தப்பில்லை. ஆனால் போகிற வழியில் ஒரு சிங்கத்தைப் பார்த்துவிட்டு வருவது வேறு, குறிப்பிட்ட ஒரு ஆண் சிங்கக் கூட்டணியை அடையாளம் தெரிந்து வருஷக்கணக்கில் பின்தொடர்வது வேறு. இந்த மதிப்பீடு இரண்டாவது ரகத்தினருக்கு.

சதாராவின் பலம் அதன் மண். பூங்காவின் நடுப்பகுதியில் கிழக்கே பசால்ட் பாறை மேல் படிந்த கரிய களிமண்; அதில் விளையும் புல்லுக்கு வரிக்குதிரையும் வில்டபீஸ்ட்டும் எருமையும் கூட்டமாக வந்து நிற்கும். இரை மிகுந்த இடத்தில் பெண் சிங்கங்கள் மிகுதி. பெண்கள் மிகுந்த இடத்தைப் பிடிக்க ஆண்களுக்குள் ஓயாத போட்டி. இரண்டு முதல் நான்கு வயதுக்குள் பிறந்த கூட்டத்தை விட்டு விரட்டப்படும் ஆண்கள் அண்ணன் தம்பிகளாகச் சேர்ந்தே திரிகின்றன. தனியாக மாட்டிக்கொண்ட இரண்டு, உறவே இல்லாமல் கூட்டுச் சேர்வதும் உண்டு. நான்குக்கு மேற்பட்ட பெரிய கூட்டணி என்றால் பெரும்பாலும் ஒரே கூட்டத்தில் பிறந்தவைதான். ஒரு பெண் கூட்டத்தின் மேல் சாதாரணமாக இரண்டு மூன்று ஆண்டுகளே ஒரு கூட்டணியின் பிடி நிற்கும். ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை வருகிறவர் ஒரு கூட்டணியை அதன் நல்ல காலத்தில் இரண்டு மூன்று தடவை பார்த்தாலே அதிகம். ஒவ்வொரு பயணத்திலும் ஆள் அடையாளம் கிடைத்தே ஆக வேண்டும் என்பது இதனால்தான்.

முகாமுக்குள் தங்குவதன் உண்மையான லாபம் நேரம். நவம்பர் முதல் ஜனவரி வரை முகாமின் கதவு காலை 4:30-க்குத் திறக்கும். பூங்காவின் வெளி வாசல்கள் 5:30-க்குத்தான். ஆர்ப்பன் வாசலிலிருந்து சதாராவுக்கு 48 கி.மீ., தார்ச்சாலையில் வேக வரம்பு 50. வெளியே தங்கியவர் வந்து சேரும்போது மணி ஆறரை ஆகிவிடும். அதற்குள் வெயில் ஏறி, சிங்கம் நிழல் தேடிப் படுத்திருக்கும். குளிர்காலத்தில் இரண்டு கதவுகளும் ஆறு மணிக்கே திறப்பதால் வித்தியாசம் அந்த ஒரு மணி நேரப் பயணம் மட்டும்தான்.

விடியலில் போக வேண்டியது எஸ்100. முகாமுக்குச் சற்றுத் தெற்கே பிரிந்து நுவானெட்சி ஓடையை ஒட்டிக் கிழக்கே போகும் மண்சாலை. பனியில் நனைந்த புல்லை விட்டுச் சிங்கங்கள் சாலையிலேயே நடக்கும்; எல்லை சுற்றும் ஆண்களுக்கு இது நடைபாதை மாதிரி. முதல் கார் உங்களுடையதாக இருந்தால் தடமே பாதி வேலையை முடித்துவிடும். நேற்றைய டயர் தடத்தின் மேல் காலடி பதிந்திருந்தால் இரவில் நடந்தது. காலடியின் மேல் டயர் ஏறியிருந்தால் பழசு. பாதத்தின் பின்பக்கம் மூன்று மடிப்பு, நகக்குறி இல்லை என்றால் பூனை இனம். விரித்த உள்ளங்கை அளவு இருந்தால் வளர்ந்த ஆணாக இருக்க வாய்ப்பு அதிகம். கழுதைப்புலியின் தடத்தில் நகக்குறி தெரியும். இறங்கிப் பார்க்கத் தடை. கண்ணாடியை இறக்கிவிட்டு உள்ளே இருந்தபடியே பார்க்கலாம், அவ்வளவுதான். மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் போய், கிலோமீட்டருக்கு ஒருமுறை என்ஜினை அணைத்து இரண்டு நிமிடம் காது கொடுங்கள். இம்பாலா மான் தும்முவது போல் கத்துவதும் கினிக்கோழிகள் விடாமல் அலறுவதும் திசை காட்டும்.

அதற்கு முன்பே முகாமுக்குள் ஒரு வேலை இருக்கிறது. காற்றில்லாத குளிர்ந்த இரவில் கர்ஜனை எட்டு கிலோமீட்டர் வரை கேட்கும். சதாராவில் படுக்கையிலிருந்தே கேட்கலாம். எழுந்து போன் திசைகாட்டியில் திசையைக் குறித்துக்கொண்டால் காலையில் எஸ்100-ஆ, மேற்கே எச்7 சாலையில் இருக்கும் ன்செமனி அணையா என்ற குழப்பம் தீரும். கர்ஜிப்பவை இடத்துக்குச் சொந்தக்காரர்கள். எல்லை இல்லாமல் திரியும் இளசுகள் பெரும்பாலும் வாயே திறக்காது. புதிதாக நுழைந்த கூட்டணியை இந்த வழியில் கண்டுபிடிக்க முடியாது, அதற்குத் தடம்தான்.

எந்த விலங்கை எங்கே பார்த்தார்கள் என்று காந்தப் பொட்டு ஒட்டிக் காட்டும் பலகை வரவேற்பறைப் பக்கம் இருக்கிறது; அதைப் பலர் நம்பிப் போய் ஏமாறுகிறார்கள். அது நேற்றைய செய்தி. எருமையையோ ஒட்டகச்சிவிங்கியையோ கொன்று தின்றுகொண்டிருந்தால் மட்டும் நம்பலாம். அப்படி ஒரு இரையை விட்டுச் சிங்கங்கள் இரண்டு மூன்று நாள் நகராது.

குறைகளுக்கு வருவோம். சாலையை விட்டு இறங்க முடியாது என்பது பெரிய குறை. ஜனவரி முதல் மார்ச் வரை மழைப் புல் இடுப்புயரம் நிற்கும். இருபது மீட்டர் தள்ளிப் படுத்த ஆண் சிங்கத்தின் காது நுனி கூடத் தெரியாது. வாடகைக்கு எடுக்கும் சின்ன கார் இந்த மாதங்களில் வீண்; உயரமாக உட்கார்ந்து பார்க்கக்கூடிய வண்டி எடுங்கள். இரண்டாவது, மாலைக் கதவு. மே முதல் ஜூலை வரை 17:30-க்கு உள்ளே இருந்தாக வேண்டும். நாள் முழுக்கத் தூங்கிய ஆண்கள் எழுந்து சோம்பல் முறிக்கிற அதே நேரம். பூங்கா நடத்தும் மாலை, இரவுச் சவாரிகளில் போனால் இருட்டிலும் வெளியே இருக்கலாம். ஆனால் அது பலரோடு பகிர்ந்துகொள்ளும் வண்டி, அதுவும் சாலையை விட்டு இறங்காது. ஒரே சிங்கத்தின் அருகே ஒரு மணி நேரம் காத்திருக்க மற்றவர்கள் விடமாட்டார்கள். பளிச்சென்ற விளக்கொளியில் அடையாளப் படமும் தேறாது.

அடையாளப் படம் என்பது முகத்தின் பக்கவாட்டுப் படம். வாய் மூடியிருக்க வேண்டும். இடம், வலம் இரண்டும் வேண்டும். மீசை முளைக்கும் கரும்புள்ளிகளில் மேல் வரிசைப் புள்ளிகள், அதற்குக் கீழுள்ள வரிசையின் எந்தெந்தப் புள்ளிக்கு நேராக நிற்கின்றன என்று குறித்தால் அதுவே கைரேகை, ஆயுசுக்கும் மாறாது. கென்யாவில் பென்னிகுயிக், ருட்னாய் இருவரும் 1970-ல் வெளியிட்ட இந்த முறைதான் இன்றும் அடிப்படை. 400 மி.மீ. லென்ஸும் அதைத் தாங்கக் கதவு விளிம்பில் வைக்கும் ஒரு பீன் பேகும் போதும். என்ஜின் ஓடினால் புள்ளிகள் கலங்கிவிடும். பிடரியை வைத்துப் பெயர் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். அது வயதோடு கருக்கும், காயத்திலும் நோயிலும் கொட்டும். காதுக் கிழிசல் பரவாயில்லை: புதிது சேரும், பழையது மறையாது. மூக்கின் கருமை வயதை மட்டும் தோராயமாகச் சொல்லும்.

இங்கே சபி சாண்டோடு ஒப்பிடாமல் முடியாது. க்ரூகரை ஒட்டிய தனியார் காடு. நடுவே இருந்த வேலி 1993-ல் எடுக்கப்பட்டது. மபோகோ என்ற ஆறு ஆண் சிங்கங்களின் கதை உலகம் முழுக்கத் தெரிந்ததற்குக் காரணம் அவற்றின் வீரம் மட்டும் அல்ல. தினமும் இரு வேளை, சாலையை விட்டு இறங்கி, தடம் பார்ப்பவரோடும் ரேடியோவோடும் யாராவது ஒரு வழிகாட்டி அவற்றின் பின்னால் இருந்தார். எதிர்க் கூட்டணிகள் மபோகோக்களைக் கொன்றது, அதாவது 2010 ஜூனில் மஜிங்கிலானே ஆண்கள் கிங்கி டெய்லைக் கொன்றதும், 2012 மார்ச்சில் செலாட்டி ஆண்கள் மிஸ்டர் டி-யைக் கொன்றதும், படமாகவே இருக்கின்றன. சதாராவைச் சுற்றி அதற்குச் சளைக்காத கூட்டணிகள் ஆண்டிருக்கும்; தொடர்ந்து பார்க்க ஆள் இல்லை. சபி சாண்டில் ஒரு இரவுக்கு ஆகும் செலவில் சதாராவில் பல இரவுகள் தங்கலாம். அந்தப் பணம் மெத்தைக்கு அல்ல, புதருக்குள் வண்டி விடும் உரிமைக்கும் வழிகாட்டியின் ஞாபகசக்திக்கும். பதிவு செய்யும் முன் விடுதியிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: எத்தனை ஹெக்டேரில் வண்டி ஓட்ட அனுமதி? சின்ன பரப்பு என்றால் கூட்டணி எல்லை தாண்டிய மறுகணம் நீங்கள் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

இடைப்பட்ட மாதங்களுக்கு வைல்ட்எர்த் என்ற நிறுவனம் யூடியூபில் ஒளிபரப்பிய சவாரிகள் உதவும். சபி சாண்டின் ஜுமா பகுதியிலிருந்து காலை மாலை நேரலையாக வந்தவை.

சதாராவின் அறை, சாப்பாடு பற்றிச் சொல்ல அதிகமில்லை. வட்ட வட்டமாக ஓலைக்கூரை வீடுகள், கடை, உணவகம், பெட்ரோல். திண்ணையில் உணவை வெளியே வைத்தால் இரவில் ஹனி பேட்ஜர் என்ற தேன்வளைக்கரடி வந்து பாத்திரத்தை உருட்டும். மலேரியா மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் பரிந்துரை: ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை, குறைந்தது நான்கு இரவுகள், ஒரே முகாமில். இரண்டு இரவுக்கு ஒரு முகாம் என்று தாவினால் எந்தக் கூட்டணியின் சுற்றும் பிடிபடாது. பதிவு பதினொரு மாதம் முன்பே திறக்கும். உள்ளூர்ப் பள்ளி விடுமுறை நாட்கள் முதலில் தீரும். இடமில்லை என்று வந்தாலும் தேதி நெருங்கும்போது இணையதளத்தைத் தினமும் பாருங்கள், ரத்தாகும் அறைகள் ஒன்றிரண்டாகத் திரும்ப வரும்.