பத்தாம் வகுப்பு மகளுக்கு யோகா வகுப்பு: மூன்று மாதம் பணம் கட்டிய பிறகு

‘முப்பதே நாளில் படிப்பில் ஆர்வம்’ என்று துண்டுப் பிரசுரத்தில் அச்சடித்திருந்தார்கள். அதை நம்பியெல்லாம் சேர்க்கவில்லை. கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மகள் அரை மணி நேரம் பென்சில் சீவுவாள். பார்க்கச் சகிக்காமல்தான் சேர்த்தேன். தஞ்சாவூரில் எங்களுக்கு அடுத்த தெருவில், ஒரு வீட்டு மாடியில் நடக்கிறது. வாரம் மூன்று நாள், மாலையில் முக்கால் மணி நேரம். மாதம் 800 ரூபாய்.

ஆசிரியை தங்கமானவர். முதல் நாள் ஆசனமே கிடையாது. ஆளுக்கு ஓர் உலர்திராட்சையைக் கொடுத்து, உற்றுப் பார், முகர்ந்து பார், நாக்கில் வை, கடிக்காதே என்று ஐந்து நிமிடம் உட்கார வைத்தார். என் மகள் வாயில் போட்ட வேகத்தில் விழுங்கிவிட்டாள். திட்டாமல் இன்னொன்று கொடுத்தாராம். இது பதஞ்சலி சொன்னதில்லை, 1979இல் அமெரிக்காவில் ஜான் கபாட்-ஜின் நோயாளிகளுக்காகத் தொடங்கிய பயிற்சியில் உள்ளது என்று அவரே சொல்லியும் கொடுத்தார். எல்லாவற்றையும் சித்தர்கள் தலையில் கட்டாத யோகா ஆசிரியரை இப்போதுதான் பார்க்கிறேன்.

மூச்சுப் பயிற்சியிலும் அதே நிதானம். திருமூலர் கணக்கு 16 மாத்திரை (ஒரு மாத்திரை என்பது கண் இமைக்கும் நேரம்) இழுத்து, 64 அடக்கி, 32 விடுவது. அந்தப் பக்கமே போகவில்லை. நான்கு எண்ணி இழு, ஆறு எண்ணி விடு, அடக்காதே, அவ்வளவுதான். ஒற்றைக் காலில் நிற்கும் விருட்சாசனத்தில் தடுமாறியவர்களிடம், மாமல்லபுரத்துப் பாறையில் தவம் செய்யும் பூனை இன்னும் விழவில்லையே என்பாராம்.

வயிற்றெரிச்சல் கடைசிப் பத்து நிமிடத்தில். உரிமையாளர் மைக்கோடு வந்துவிடுகிறார். போன வருடம் இங்கே வந்த பிள்ளை எவ்வளவு மதிப்பெண் வாங்கினாள், நீங்கள் எவ்வளவு வாங்கப் போகிறீர்கள் என்று ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்கிறார். அடங்கிய உலையில் மறுபடி விறகைத் திணிக்கிற வேலை. போதாததற்கு, பிள்ளைகள் கண்ணை மூடியிருக்கும்போது வீடியோ எடுத்து விளம்பரத்துக்குப் போட்டிருக்கிறார்கள். எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பலன் என்ன என்று கேட்பீர்கள். காலாண்டில் கணக்கில் 61, அரையாண்டில் 64. அந்த மூன்று மதிப்பெண்ணுக்கு யோகாதான் காரணம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். கணக்கு இன்னும் பிடிக்கவில்லை என்றுதான் அவளும் சொல்கிறாள். ஆனால் மேசையில் உட்கார்ந்ததும் பத்து மூச்சு எண்ணுகிறாள், பதினோராவதில் நோட்டைத் திறந்துவிடுகிறாள். பென்சில் சீவிய குப்பை குறைந்திருக்கிறது. பெருக்குகிறவள் நான், எனக்குத் தெரியாதா?

வீடியோவில் மகள் முகம் வரக்கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு நான்காவது மாதத்துக்கும் பணம் கட்டியிருக்கிறேன். மைக் வரும் நேரத்துக்குச் சரியாக வாசலில் போய் நின்று அழைத்துக்கொண்டு வந்துவிடுகிறேன். சேர்ப்பதானால் விரிப்பை வீட்டிலிருந்தே கொடுத்தனுப்புங்கள். அங்கே தருவதில் வியர்வை நாற்றம்.