எந்தச் சட்டத்தில பிடிச்சது?

இலங்கையின் வடக்கே, கிளிநொச்சியில் ஒரு பெடியனைப் பொலிஸ் பிடிச்சால், தாய் முதலில் கேட்பது "ஏன் பிடிச்சது" எண்டில்லை, "எந்தச் சட்டத்தில பிடிச்சது" எண்டுதான்.

சாதாரண குற்றவியல் சட்டமென்றால் பொதுவாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். சட்டத்தரணி பிணை கேட்பார். ஆள் அன்றைக்கே வராவிட்டாலும் எங்கே இருக்கிறார் என்றாவது தெரியும்.

மற்றது பயங்கரவாதத் தடைச் சட்டம். 1979இல் 3 வருடத்துக்கென்று வந்து, 1982இல் நிரந்தரமானது. அமைச்சர் கையெழுத்திட்டால் 3 மாதம் தடுப்புக்காவல். புதுப்பித்துப் புதுப்பித்து முன்பு 18 மாதம் வரை இழுக்க முடிந்தது. 2022 திருத்தம் அதை 12 மாதமாக்கியது. இதைச் சலுகை என்றவர்கள் ஒரு கிழமைகூட உள்ளே இருந்திருக்கமாட்டார்கள்.

ஆனால் உண்மையான வில்லங்கம் வாக்குமூலத்தில். சாதாரண வழக்கில் பொலிஸாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் செல்லாது. இங்கே உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாதவர் எடுத்தால் அதுவே சாட்சியம். அடித்து வாங்கியதென்று காட்டும் பொறுப்பும் கைதியின் தலையில். பூட்டிய அறைக்குள் நடந்ததற்கு யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுவது?

பாதுகாப்புக்குக் கடுமையான சட்டம் வேண்டுமாம். 2019 உயிர்த்த ஞாயிறன்று குண்டுகள் வெடித்தபோதும் இந்தச் சட்டம் கையில்தான் இருந்தது. முன்கூட்டியே வந்த எச்சரிக்கையைத்தான் கவனிக்கவில்லை.

போன மே மாதம், போரில் செத்தவர்களை நினைவுகூர முள்ளிவாய்க்காலுக்கு பஸ் ஏற முன், பக்கத்து வீட்டு அக்கா மகனின் போனை வாங்கி, பேஸ்புக்கில் அவர்களுக்காக அவன் போட்டிருந்த விளக்குப் படத்தை அழித்துவிட்டுத்தான் ஏறினா.