எலி மருந்துப் பெட்டி: தீவில் ஜெயித்தது, ராயபுரம் குடோனில் எடுபடுமா?

பாரிமுனை ஹார்டுவேர் கடைகளிலும் ஈவ்னிங் பஜார் பக்கமும் பூட்டு வைத்த கறுப்பு பிளாஸ்டிக் எலி மருந்துப் பெட்டி இப்போது தாராளமாகக் கிடைக்கிறது. கம்பெனிப் பெயர் ஒட்டியதும் உண்டு, பெயரே இல்லாததும் உண்டு. அச்சு ஏறக்குறைய ஒன்றுதான். கூடவே புரோமடியோலோன் என்ற எலி விஷம் 0.005% கலந்த கட்டிகளையும் சேர்த்துத் தருகிறார்கள். "நாலு பெட்டி வையுங்க, அப்புறம் எலியே இருக்காது" என்பது கடைக்காரர் பேச்சு. பெட்டி நல்ல சரக்குதான். அந்தப் பேச்சைத்தான் நம்ப முடியாது.

பெட்டிக்குள் மருந்து வைக்கும் இந்த வழி பெயர் வாங்கியது தீவுகளில். நியூசிலாந்தின் பிரேக்சி தீவில், 170 ஹெக்டேர் காட்டில், 1988-ல் பாதை வெட்டி, வரிசையாகப் பெட்டி வைத்து, பழுப்பு எலியை ஒன்று விடாமல் ஒழித்தார்கள். பெட்டி என்றால் வடிகால் குழாயை வெட்டிய துண்டுகள்தான். பூட்டும் கிடையாது, அலங்காரமும் கிடையாது. பெரிய தீவுகளுக்கு ஹெலிகாப்டர். தெற்கு ஜார்ஜியா தீவில் 2011, 2013, 2015 என மூன்று சுற்றாக 300 டன்னுக்கு மேல் மருந்து தூவி, 2018-ல்தான் 'எலி இல்லை' என்று அறிவித்தார்கள். கடைசிச் சுற்று முடிந்த பிறகும் கால் தடம் பதியும் மை அட்டை, மோப்ப நாய் எல்லாம் வைத்துத் தேடினார்கள். ஒரு கர்ப்பிணி எலி மிஞ்சினாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். தெற்கு அட்லாண்டிக்கின் கோஃப் தீவில் அதுதான் நடந்தது. அல்பட்ராஸ் என்ற கடற்பறவையின் குஞ்சுகளை உயிரோடு கடித்துத் தின்னும் சுண்டெலிகளை ஒழிக்க 2021-ல் மருந்து தூவினார்கள். அந்த டிசம்பரிலேயே ஒரு சுண்டெலி கண்ணில் பட்டுவிட்டது.

தீவுகளில் எலி ஒழிப்பவர்கள் மூன்று விதி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு எலிக்கும் மருந்து எட்ட வேண்டும். பிறப்பதைவிட வேகமாகச் சாக வேண்டும். வெளியிலிருந்து புதிதாக ஒன்றுகூட வரக் கூடாது. முதல் இரண்டையும் இந்தப் பெட்டியால் ராயபுரத்திலும் கொருக்குப்பேட்டையிலும் சாதிக்கலாம். மூன்றாவதற்குக் கடல் வேண்டும். நம் குடோனுக்கு வெளியே இருப்பது சாக்கடை. ஆகவே பெட்டி வாங்குகிற பட்ஜெட்டில் பாதியை ஓட்டை அடைக்க ஒதுக்காதவர்கள் பெட்டியே வாங்க வேண்டாம்.

பெட்டியின் உள்ளமைப்பைப் பார்ப்போம். எதிரெதிரே இரண்டு வழி: உள்ளே நுழையும் எலிக்கு வெளியேறும் வழி கண்ணில் தெரிந்தால்தான் தயங்காமல் போகும். நடுவில் ஒரு தடுப்பு, அதன் பின்னால் மருந்து அறை: குழந்தையின் கையும் நாயின் மூக்கும் அங்கே எட்டாது. அறையில் கட்டியைக் கோக்க இரண்டு கம்பி. இந்தக் கம்பியைத்தான் பலர் தேவையில்லை என்று கழற்றிப் போடுகிறார்கள். பெருச்சாளி தின்பதைவிடச் சேர்த்து வைப்பது அதிகம். கோக்காத கட்டியை வளைக்குள் இழுத்துப் போய்விடும். பெட்டி காலியானதும் மருந்து வேலை செய்கிறது என்று நீங்கள் மகிழ்வீர்கள். கட்டியோ மண்ணுக்குள் மட்கிக் கிடக்கும்.

வாங்கும்போது மூடியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். குழிந்தால் எடுக்காதீர்கள், மே மாதத் தகரக் கூரைச் சூட்டில் வளைந்து பூட்டு கழன்றுவிடும். கம்பி இரும்பாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் கம்பியைக் கட்டியோடு சேர்த்தே கடித்துவிடும். இந்தப் பெட்டியின் பெரிய குறை வாசல்தான். சாதாரண அச்சில் வாசல் ஐந்தாறு சென்டிமீட்டர். வீட்டு எலிக்கும் சின்னப் பெருச்சாளிக்கும் அது போதும். முக்கால் கிலோ எடைக்கு வளர்ந்த பெரிய பெருச்சாளிக்குப் போதாது. மீன் மார்க்கெட்டை ஒட்டிய இடங்களில் அதுதான் ராஜா. அங்கே பிரேக்சி வழியே மேல்: நான்கு அங்குல பி.வி.சி. குழாயை ஒன்றரை அடி நீளத்துக்கு வெட்டி, நடுவில் துளை போட்டுக் கம்பி நுழைத்து, சுவரோடு கிளாம்ப் அடித்துவிடலாம். ஆனால் குழந்தைகள் நடமாடும் இடத்தில் இந்தக் குழாய் கூடவே கூடாது.

எத்தனை பெட்டி என்பதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். எலி தன் வட்டத்தை விட்டு அதிகம் போகாது. தீவுகளில் எலிக்கு 50 மீட்டருக்கு ஒரு பெட்டி என்றால் சுண்டெலிக்கு 25 மீட்டர், சில இடங்களில் அதைவிட நெருக்கம். குடோனில் தீனி குவிந்து கிடப்பதால் அதன் வட்டம் இன்னும் சுருங்கும். 40-க்கு 60 அடி குடோன் என்றால் சுற்றுச் சுவர் 200 அடி. எலிக்கு 20 அடிக்கு ஒன்று வீதம் 10 பெட்டி, ஷட்டருக்கு வெளியே இரு பக்கமும் 2. பெட்டிக்கு 20 கிராம் கட்டி இரண்டு. முதல் சுற்றுக்கு 480 கிராம், மறுசுற்றுகளையும் சேர்த்து ஒன்றரைக் கிலோ கையில் இருக்கட்டும். சுண்டெலி என்றால் 6-லிருந்து 10 அடிக்கு ஒன்று. அவ்வளவு பெட்டி வாங்குவதைவிட அடிக்கும் பொறி வாங்குவது மலிவு. நாலு பெட்டி என்று சொல்பவர் இந்தக் கணக்கைப் போட்டதே இல்லை.

வாசல் இரண்டும் சுவருக்கு இணையாக வரும்படி, பெட்டி சுவரை ஒட்டி இருக்க வேண்டும். மூட்டை அடுக்குக்கும் சுவருக்கும் ஒன்றரை அடி இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் மூட்டையே வளையாகிவிடும், பெட்டிப் பக்கம் எதுவும் வராது. வீட்டு எலிக்குப் புதுப் பொருள் என்றால் பயம். முதல் ஐந்தாறு நாள் வெறும் பெட்டியாக வைத்துவிட்டு, பிறகு கட்டி போடுங்கள். மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினாலாம் நாள் திறந்து பார்க்க வேண்டும். பெட்டிக்கு நம்பர் எழுதி, கால், அரை, முழுசு என்று தின்ற அளவைக் குறித்து வைத்தால் எந்த மூலையில் வரத்து என்று தானே தெரியும். முழுதும் தின்ற பெட்டிக்கு அடுத்த முறை இரட்டிப்பு.

தின்றது யார் என்பதையும் கட்டியே சொல்லும். எலி கடித்த இடத்தில் இரண்டு பல் பதிந்த ஜோடிப் பள்ளங்கள், பென்சில் முனை அகலத்தில், ஒழுங்காக இருக்கும். சுண்டெலி சுரண்டியதில் பள்ளம் தெரியாது, கீழே பொடி கிடக்கும். ஓரம் மழமழவென்று உருண்டு, பல் தடமே இல்லாவிட்டால் கரப்பான். வெப்பமண்டலத் தீவுகளில் இதே தொல்லையை நண்டுகள் கொடுத்தன. நண்டுக்கு இந்த மருந்து உறைக்காது. எலிக்கு வைத்ததைத் தின்றுவிட்டுப் போகும். பசிபிக்கின் பால்மைரா தீவில் 2011-ல் அதற்காகவே வழக்கத்தைவிடப் பல மடங்கு தூவ வேண்டியிருந்தது. குடோனில் அவ்வளவு செலவு வேண்டாம். முதலில் கரப்பானுக்கு ஜெல் வையுங்கள்.

மருந்து பற்றி. தீவுகளில் பெரும்பாலும் புரோடிஃபாகூம், நம் கடையில் புரோமடியோலோன். இரண்டும் ஒரே குடும்பம்: கல்லீரலில் வைட்டமின் கே மறுசுழற்சியைத் தடுக்கும், ரத்தம் உறையாது, நாலிலிருந்து ஏழு நாளில் எலி சாகும். 'போட்டவுடன் சாகவில்லை' என்று திட்டுபவர்களுக்கு: அந்தத் தாமதம்தான் இதன் பலம். துத்தநாக பாஸ்பைடு தின்ற எலி அன்றே சாகும், அரைகுறையாகத் தின்று பிழைத்தது பிறகு அந்தப் பக்கமே திரும்பாது. மஞ்சள் பாஸ்பரஸ் பசை தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டது. எடுத்து நீட்டுகிற கடையில் வேறு எதுவும் வாங்காதீர்கள்.

பெட்டி காப்பாற்றாத ஒன்று உண்டு. மருந்து செத்த எலியின் ஈரலில் தங்கும். அதைத் தின்னும் பூனை, பருந்து, கூகை எல்லாவற்றுக்கும் போகும். அலாஸ்காவின் எலித் தீவில் 2008-ல் எலி ஒழிந்தது, கூடவே நாற்பதுக்கும் மேற்பட்ட வெண்தலைக் கழுகுகளும் செத்துக் கிடந்தன. காசிமேட்டில் பருந்துக்குப் பஞ்சமில்லை. எனவே கட்டி போட்ட நான்காம் நாளிலிருந்து தினமும் காலையில் செத்ததைத் தேடி, கையுறை போட்டு எடுத்து, இரண்டடி ஆழத்தில் புதைக்க வேண்டும். குப்பைத் தொட்டியில் வீசினால் காக்கைக்குத்தான். ஆளோ வளர்ப்பு நாயோ கட்டியைத் தின்றுவிட்டால் அட்டைப்பெட்டியோடு உடனே மருத்துவமனை. வைட்டமின் கே1 மாற்று மருந்து, ஆனால் வாரக்கணக்கில் தொடர வேண்டியிருக்கும். மூஞ்சூறு செத்துக் கிடந்தால் வருத்தப்படத்தான் வேண்டும், அது பூச்சி தின்னி, உங்கள் அரிசிக்கு எதிரி அல்ல.

பசை அட்டை வாங்க வேண்டாம். இந்திய விலங்கு நல வாரியமே அதற்கு எதிராகச் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. பல்லியும் குருவியும் ஒட்டிக்கொள்ளும், தூசி படிந்தால் எலி அதன் மேலேயே நடந்து போகும்.

அடைக்கும் வேலை: சுண்டெலிக்கு 6 மி.மீ., எலிக்கு 12 மி.மீ. சந்து போதும். தரைக்கும் ஷட்டருக்கும் இடையே தகரப் பட்டை, வடிகால் வாயில் 6 மி.மீ. ஜி.ஐ. வலை, குழாய் நுழையும் துளையில் வலையைச் சுருட்டித் திணித்து அதன் மேல் சிமெண்ட். வெறும் சிமெண்டைப் பெருச்சாளி ஈரத்திலேயே தோண்டிவிடும். ஐப்பசி மழைக்கு முன் பெட்டிகளைச் செங்கல் உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள். நனைந்து பூசணம் பிடித்த கட்டியை எலி சீண்டாது.

இரண்டு முறை தொடர்ந்து பல் படவில்லை என்றால் சுவரோரம் ஒரு சாண் அகலத்துக்குக் கோலமாவு தூவி, காலையில் கால் தடம் பாருங்கள். தடம் இல்லாவிட்டால் உள் பெட்டிகளில் மருந்தை எடுத்துவிடலாம். ஷட்டர் பெட்டிகளில் இருக்கட்டும்.

நம் பகுதியில் தீவு விதி மூன்றும் பொருந்துவது இரண்டு இடத்தில்தான்: விசைப்படகு, அந்தமானுக்குப் போகும் சரக்கு. படகில் மருந்து வேண்டாம், ஐஸ் அறைக்குள் எலி செத்தால் பிடித்த மீனெல்லாம் வீண். பொறி வையுங்கள், தேங்காய்க் கீற்றையோ கருவாட்டையோ நூலால் கட்டி. கரையில் கட்டும் கயிற்றில் தகர வட்டு மாட்டுங்கள். அந்தமான் சரக்குக் குடோனில் கடைசி மூட்டை ஏறும் வரை பெட்டி இருக்க வேண்டும், ஏற்றும் முன் ஒவ்வொரு அடுக்கையும் பிரித்துப் பார்க்க வேண்டும். அங்குள்ள நார்கொண்டம் தீவில் மட்டுமே வாழும் இருவாச்சிப் பறவைக்கு, மனிதர் கொண்டுபோய் விட்ட ஆடுகளே போதுமான தொல்லை கொடுத்தன. அவற்றை அப்புறம் பிடித்து அகற்ற வேண்டியதாயிற்று.

பத்துப் பெட்டி எடுத்தால் விலையைவிடச் சாவிக்குப் பேரம் பேசுங்கள். பொதுவாக ஒன்றுதான் தருகிறார்கள். அது தொலைந்தால் ஸ்க்ரூடிரைவரால் நெம்பித் திறக்க வேண்டும், நெம்பிய மூடி பிறகு பூட்டாது.