உறைபனி நாட்களில் தோட்டத்து உயிர்களுக்கு எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது

பத்துப் பன்னிரண்டு கிராம்தான் இருக்கும் அந்தப் பறவை. கருந்தொப்பிச் சிக்கடி என்று பெயர். பட்டாணிக்குருவிக் குடும்பத்தைச் சேர்ந்தது. வட அமெரிக்கக் காடுகளிலும் வீட்டுத் தோட்டங்களிலும் சாதாரணமாகத் தென்படும். உறைநிலைக்கு வெகு கீழே போகும் நீண்ட இரவில் அது தன் உடல் சூட்டைச் சுமார் 10 டிகிரி செல்சியஸ் குறைத்துக்கொள்ளும். பகலில் சேர்த்த கொழுப்பை மெல்ல மெல்ல எரித்து விடியும்வரை தாக்குப்பிடிக்கும். விடிந்ததும் கையிருப்பு ஏறக்குறையத் தீர்ந்திருக்கும். குறுகிய பகலுக்குள் அத்தனையையும் மறுபடி சேர்த்தாக வேண்டும். சேர்க்க முடியாமல் போனால் அடுத்த இரவைத் தாண்டாது.

இதைத் தெரிந்துகொண்டவர்களுக்கு ஒரு பிடி விதை வைக்காமல் இருக்க மனம் வராது. எனக்கும் அப்படித்தான். ஆனால் சிக்கடியைக் காப்பாற்றும் அதே இரக்கம் மானைக் கொன்றுவிடும் என்பதைப் பலரும் அறிவதில்லை. வைக்கும் கை ஒன்றானாலும் வாங்கும் வயிறுகள் வேறு. அதனால் தோட்டத்துக்கு வரும் உயிர்களுக்கு முன்னால் இருக்கும் மாற்றுவழிகளை எதிரெதிரே வைத்துப் பார்க்கிறேன்.

வைப்பதா, விட்டுவிடுவதா?

"இயற்கை பார்த்துக்கொள்ளும், தலையிடாதே" என்பது ஒரு கட்சி. "பனியில் பட்டினி கிடக்க விடலாமா" என்பது எதிர்க்கட்சி. இந்த வழக்கில் ஊகத்தை விட நல்ல சாட்சி ஒன்று உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சினில் மார்கரெட் பிரிட்டிங்ஹாம், ஸ்டான்லி டெம்பிள் என்ற இரு ஆய்வாளர்கள் சிக்கடிகளைப் பின்தொடர்ந்து 1988இல் முடிவை வெளியிட்டார்கள். பறவைத் தீனி வைக்கும் கலமான ஃபீடரில் தீனி கிடைத்த பறவைகளில் 69 சதவீதம் குளிர்காலத்தைக் கடந்தன; கிடைக்காதவற்றில் 37 சதவீதம் மட்டுமே கடந்தன. அந்த வித்தியாசம் கடுங்குளிர் அடித்த மாதங்களில்தான் தெரிந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். மிதமான மாதங்களில் ஃபீடர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

"பழக்கிவிட்டால் நம்மையே நம்பிச் சாகும்" என்ற பயத்துக்கும் இவர்களே 1992இல் பதில் தந்தார்கள். 25 வருடமாக ஃபீடர் இருந்த இடத்தில் அதை எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். அங்கிருந்த சிக்கடிகள், ஃபீடரையே அறியாத இடத்துச் சிக்கடிகளைப் போலவே பிழைத்தன. ஃபீடர் பக்கத்திலேயே இருக்கும்போதும் சிக்கடி தன் உணவில் பெரும்பகுதியைக் காட்டில்தான் தேடிக்கொள்கிறது. நாம் வைப்பது அதற்குச் சாப்பாடல்ல, கைமாற்று. மோசமான நாளில் அந்தக் கைமாற்று உயிரைக் காக்கிறது.

ஆகவே சிறு பறவைகள் விஷயத்தில் நான் வைக்கும் கட்சி. இனி எதை வைப்பது என்பதில்தான் சிக்கல்.

விதைகளுக்குள் போட்டி

கறுப்புச் சூரியகாந்தி விதையையும் வரிபோட்ட சூரியகாந்தி விதையையும் கையில் எடுத்து நகத்தால் உடைத்துப் பாருங்கள். கறுப்பு விதையின் தோல் மெல்லிசு. சின்ன அலகும் பிளந்துவிடும். வரி விதைக்குத் தடித்த தோல். கார்டினல் மாதிரிக் கனத்த அலகுள்ளவைதான் சிரமமின்றி உடைக்கும். எண்ணெய்ச் சத்தும் கறுப்பில்தான் கூடுதல். தோல் நீக்கிய பருப்பு இன்னும் வசதி, தரையில் குப்பையும் சேராது. ஆனால் போர்வை இல்லாத பருப்பு ஈரம் பட்டதும் பூசணம் பிடித்துவிடும். ஒரு நாளில் தின்று தீரும் அளவுக்கு மட்டும் வைப்பவர்களுக்கே அது சரி. தோலோடு வைப்பவர்கள் கீழே சேரும் உமியை அவ்வப்போது வாரிவிட வேண்டும். சூரியகாந்தித் தோலில் உள்ள பொருட்கள் அடியிலிருக்கும் செடிகளின் வளர்ச்சியைத் தடுக்கும்.

கலவைப் பைகள் மலிவு என்று வாங்குகிறோம். பை நிறையச் சிவப்புச் சோளமும் கோதுமையும் ஓட்ஸும் இருந்தால் அது மலிவே அல்ல. ஃபீடருக்கு வரும் பெரும்பாலான பறவைகள் சூரியகாந்தியைத் தேடி மற்றதை அலகால் தள்ளிவிடும். தள்ளியது பனியில் நனைந்து அழுகி எலியைக் கூப்பிடும். ஆனால் கலவை என்றாலே மோசம் என்றும் சொல்ல மாட்டேன். பனிவரகு கலந்த பை என்றால் தரையில் மேயும் ஜுங்கோவும் சிட்டினங்களும் ஆவலோடு பொறுக்கும். பையின் முன்பக்கப் படத்தைப் பார்க்காமல் பின்பக்கப் பட்டியலைப் படித்து வாங்குங்கள்.

பேயெள்ளு ஒரு தனி ரகம். 'திஸில்' என்று அச்சடித்து விற்பார்கள்; ஆனால் இது திஸில் என்ற முட்செடியின் விதை அல்ல. கோல்டுஃபிஞ்ச், சிஸ்கின் போன்ற மெல்லிய அலகுள்ள பறவைகளுக்கு இதுதான் விருந்து. நுண்ணிய துளையுள்ள தனி ஃபீடர் வேண்டும். பழையதாகி உலர்ந்துவிட்டால் பறவை திரும்பிக்கூடப் பார்க்காது. அதனால் மொத்தமாக வாங்கிச் சேர்த்து வைக்க ஏற்றதல்ல.

வேர்க்கடலை நல்ல உணவு. இரண்டு நிபந்தனை: உப்பு இருக்கக் கூடாது, பூசணம் அண்டியிருக்கக் கூடாது. சிறு பறவையின் உடலால் அதிக உப்பை வெளியேற்ற முடியாது. பூசணம் பிடித்த கடலையில் உருவாகும் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு ஈரலைக் கெடுக்கும். மனிதர் தின்னத் தயங்கும் கடலையைப் பறவைக்குப் போடுவது தானமல்ல.

கொழுப்பா, விதையா என்றால் கணக்கு எளிது. ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, ஒரு கிராம் மாவுச்சத்தில் 4. மாட்டின் சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள கெட்டிக்கொழுப்பை 'சூயெட்' என்று கட்டியாக விற்கிறார்கள். மரங்கொத்தி, நட்ஹாட்ச், சிக்கடி மூன்றும் இதை விடாது. ஆனால் இது உறைபனிக்கு உரிய உணவு. வெயில் ஏறினால் உருகி, சிக்கு வாடை பிடித்து, இறகில் அப்பிக்கொள்ளும். எண்ணெய் அப்பிய இறகு குளிரைத் தாங்காது. சமையலில் மிஞ்சிய கொழுப்பும் வறுத்த எண்ணெயும் இதற்கு மாற்று ஆகா. அவற்றில் உப்பு இருக்கும், இறகிலும் ஒட்டும். கொழுப்பு உருண்டைகளை நைலான் வலையோடு விற்பார்கள். தொங்கவிடும் முன் அந்த வலையை அறுத்தெறிந்துவிட்டுக் கம்பிக்கூட்டில் வையுங்கள். வலையில் கால் சிக்கித் தலைகீழாகத் தொங்கும் பறவையை ஒரு முறை பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் கறுப்புச் சூரியகாந்தி. இரண்டாவதாக, கடுங்குளிர் நாட்களுக்கு மட்டும் சூயெட். ரொட்டித் துண்டு இந்தப் போட்டியிலேயே இல்லை; வயிற்றை அடைக்கும், சூடு தராது.

தட்டா, குழாயா?

எதில் வைக்கிறோம் என்பது என்ன வைக்கிறோம் என்பதைவிட முக்கியம் என்று இப்போது நினைக்கிறேன். முன்பு அப்படி நினைக்கவில்லை. அகலமான தட்டில் கொட்டி வைத்தால் பறவைகள் கூட்டமாக வரும், பார்க்க அழகு என்றிருந்தேன். அந்தத் தட்டிலேயே அவை எச்சமும் இடும், எச்சில் பட்ட விதையையும் உதிர்க்கும்.

பிரிட்டனில் 2005ஆம் ஆண்டுவாக்கில் ஃபிஞ்ச் பறவைகளிடம் ட்ரைக்கோமோனோசிஸ் என்ற ஒட்டுண்ணி நோய் தோன்றிப் பரவியது. தொண்டை வீங்கி, விழுங்க முடியாமல் சாகும் நோய். கிரீன்ஃபிஞ்சுகளின் எண்ணிக்கை சரிந்து, 2021இல் அந்த இனம் அங்கே அபாயத்தைக் குறிக்கும் சிவப்புப் பட்டியலில் ஏறியது. 2025இல் அந்நாட்டின் பறவைப் பாதுகாப்பு அமைப்பான ஆர்.எஸ்.பி.பி. தட்டையான ஃபீடர்களின் விற்பனையை நிறுத்திவைத்தது. நல்ல மனதோடு தட்டு வைத்தவர்களுக்கு இது வலிக்கும் செய்தி. எனக்கும் வலித்தது.

அப்படியானால் குழாய் ஃபீடர் குற்றமற்றதா? அதுவும் இல்லை. 1994இல் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் ஹவுஸ் ஃபிஞ்சுகளிடம் கண்நோய் ஒன்று கண்டறியப்பட்டது. நோயுற்ற பறவை துளைக்குள் தலையை நுழைத்துத் தின்னும்போது விளிம்பில் கிருமி ஒட்டிக்கொள்ளும். அடுத்து வரும் பறவையின் கண்ணுக்கு அது போய்விடும். 2021இன் தொடக்கத்தில் பைன் சிஸ்கின்களிடம் சால்மோனெல்லா என்ற பாக்டீரியா பரவி மனிதர்களையும் தொட்டது. பல இடங்களில் ஃபீடர்களைக் கழற்றி வைக்கச் சொன்னார்கள்.

ஆக, எச்சம் சேராத குழாய் தட்டைவிட மேல். கழுவாத குழாய் இரண்டையும்விடக் கீழ். இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது கழற்றித் தேய்த்து, 9 பங்கு தண்ணீருக்கு 1 பங்கு பிளீச் கலந்த நீரில் ஊறவைத்து, நன்றாக அலசி, முழுக்கக் காய்ந்த பிறகே நிரப்ப வேண்டும். உப்பிக்கொண்டு, கிட்டே போனாலும் பறக்காமல், கண் வீங்கி உட்கார்ந்திருக்கும் பறவை ஒன்று தென்பட்டாலே ஃபீடரை இரண்டு வாரம் உள்ளே எடுத்து வையுங்கள். பட்டினி போடுகிறோமே என்று கலங்க வேண்டாம். கூட்டம் கலைவதுதான் அப்போது மருந்து.

இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஜன்னல் கண்ணாடியில் வானமும் மரமும் தெரிவதால் பறவைகள் மோதிச் சாகின்றன. அமெரிக்காவில் மட்டும் கட்டடங்களில் மோதி ஆண்டுக்கு 36.5 கோடி முதல் 98.8 கோடி வரை சாவதாக 2014இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஃபீடரை ஜன்னலுக்கு ஒரு மீட்டருக்குள் வையுங்கள். அவ்வளவு கிட்டத்திலிருந்து கிளம்பும் பறவைக்கு உயிர்போகும் வேகம் வராது. முடியாவிட்டால் பத்து மீட்டருக்கு அப்பால் வையுங்கள். நடுத்தூரம்தான் ஆபத்து. கரடி நடமாடும் பகுதி என்றால் அவை குளிர்கால உறக்கத்துக்குப் போன பிறகே ஃபீடரைத் தொங்கவிட வேண்டும்.

மான், அணில், முள்ளெலி

மான் விஷயத்தில் நான் முழுக்க வைக்காத கட்சி. வைக்கவே கூடாது.

மான் அசைபோடும் விலங்கு. அதன் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள்தான் உண்மையில் உணவைச் செரிக்கின்றன. குளிர்காலத்தில் அந்த நுண்ணுயிர்க் கூட்டம் குச்சி, மொட்டு, பட்டை ஆகியவற்றுக்கு ஏற்ப மாறியிருக்கும். புது உணவுக்குப் பழக வாரக்கணக்கில் ஆகும். அந்த நேரத்தில் திடீரென்று ஒரு வாளி மக்காச்சோளம் கிடைத்தால், மாவுச்சத்து வேகமாகப் புளித்து லாக்டிக் அமிலமாகும். இரைப்பைச் சுவர் புண்ணாகி, அமிலம் ரத்தத்தில் ஏறி, ஓரிரு நாளில் மான் விழுந்துவிடும். வயிறு நிறையச் சோளத்தோடு பட்டினிச் சாவு. வைத்தவர் மறுநாள் மான் வரவில்லையே என்றுதான் நினைப்பார். காட்டுக்குள் கிடப்பது அவருக்குத் தெரியாது.

நோய்ப் பக்கமும் உண்டு. 1967இல் கொலராடோவில் முதலில் காணப்பட்ட, மான்களை மெலியவைத்துக் கொல்லும் நோய்க்குக் காரணம் பிரியான் என்னும் உருக்குலைந்த புரதம். எச்சிலிலும் சிறுநீரிலும் வெளியேறி மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். பத்து மான்களை ஒரே குவியலில் முகம் புதைக்க வைப்பது அதற்கு வாசல் திறப்பதுதான். பல அமெரிக்க மாநிலங்களில் மானுக்குத் தீனி வைப்பது சட்டப்படி தடை. மான் குளிர்காலத்தில் குறைவாக நடந்து, குறைவாக எரித்து, உடற்கொழுப்பில் காலம் தள்ளத் தெரிந்த விலங்கு. அதைத் துரத்தாமல், நாயை அவிழ்த்துவிடாமல், காற்றை மறைக்கும் ஊசியிலை மரங்களை வெட்டாமல் இருந்தாலே பேருதவி.

மர அணில்கள் குளிர்காலம் முழுக்கத் தூங்குவதில்லை. புதைத்து வைத்ததைத் தோண்டித் தின்று சமாளிக்கும். வைத்தே தீர வேண்டுமென்றால் தோலோடு கூடிய மரக்கொட்டைகளாக வையுங்கள். கடலையும் மக்காச்சோளமும் மட்டுமே தின்றால் கால்சியம் குறைந்து எலும்பு பலவீனமாகும். பறவைத் தீனியைக் காலி செய்கிறதே என்று கவலைப்படுபவர்கள் மிளகாய்த்தூள் கலந்த விதையை நாடலாம். மிளகாயின் காரம் பாலூட்டிகளுக்குத்தான் உறைக்கும், பறவைகளுக்கு உறைக்காது.

முள்ளெலிக்குப் பாலும் ரொட்டியும் வைப்பது பழைய தவறு. பால் செரிக்காமல் வயிற்றுப்போக்கு வரும். குளிருறக்கத்துக்கு முன்னும் இடையில் விழித்து வரும் நாட்களிலும் இறைச்சி சேர்ந்த பூனை உணவும் ஒரு கிண்ணம் தண்ணீரும் போதும்.

பையில் வருவதா, மண்ணில் விளைவதா?

ஃபீடரா, செடியா என்று கேட்டால் நெடுநாள் நோக்கில் செடிதான். ஹாதார்ன், ரோவன், ஹாலி மரங்களின் பழங்கள் பனியிலும் தொங்கும். ஐவிக் கொடியின் பழம் மற்றவை தீர்ந்த பின்குளிரில்தான் பழுக்கும்; கொழுப்பும் அதில் மிகுதி. எக்கினேசியா பூச்செடியின் காய்ந்த தலைகளை இலையுதிர் காலத்தில் வெட்டாமல் விட்டால் கோல்டுஃபிஞ்ச் வந்து விதை எடுக்கும். கோல்டன்ராட் செடியின் தண்டில் நெல்லிக்காய் மாதிரிப் புடைப்பு தெரிந்தால் அதற்குள் ஓர் ஈயின் புழு குளிரைக் கழித்துக்கொண்டிருக்கும்; சிக்கடியும் சிறு மரங்கொத்தியும் துளைபோட்டு எடுக்கும். இவை கூட்டத்தை ஓரிடத்தில் நெருக்குவதில்லை, கழுவும் வேலையும் இல்லை. ஆனால் செடி வளர ஆண்டுகள் ஆகும். இன்றிரவு வரும் குளிருக்கு ஃபீடர்தான் கைகொடுக்கும். இரண்டில் ஒன்று என்று நான் வற்புறுத்த மாட்டேன்.

தண்ணீரை மட்டும் இந்தப் பட்டியலில் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். எல்லாம் உறைந்தபின் பறவை பனியைத் தின்னும். அதை உருக்கத் தன் உடல் சூட்டையே செலவழிக்கும். விதையைத் தொடாத பறவைகளும் திறந்த நீருக்கு வரும். வெப்பநிலை பார்த்துத் தானே இயங்கும் சூடேற்றி வைத்த தொட்டி சிறப்பு. இல்லையென்றால் ஆழமில்லாத கிண்ணத்தில் காலையும் மதியமும் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினால் போதும். உறையாமலிருக்க உப்போ கிளிசரினோ காருக்கு ஊற்றும் உறைதடுப்புத் திரவமோ ஒருபோதும் கலக்கக் கூடாது.

தீனியும் அப்படியே: விடியலில் கொஞ்சம், பொழுது சாயும் முன் கொஞ்சம். இரவில் மிச்சம் கிடந்தால் எலிக்குத்தான் போகும். ஊருக்குப் போக வேண்டியிருந்தால் கடுங்குளிர் அலை நடுவில் சட்டென நிறுத்தாமல், சில நாட்களுக்கு முன்பிருந்தே அளவைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். பக்கத்து வீட்டார் ஊற்றித் தருவதாகச் சொன்னால் விதைப் பையோடு கழுவும் பிரஷையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போங்கள்.