துணி டயப்பரா, யூஸ் அண்ட் த்ரோவா?

என் மகளுக்கு இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுகிறேன். வீட்டில் பகல் முழுக்கத் துணி டயப்பர். இரவிலும் பஸ் பயணத்திலும் யூஸ் அண்ட் த்ரோ.

வித்தியாசம் ஈரத்தைப் பிடிப்பதில்தான். யூஸ் அண்ட் த்ரோவுக்குள் இருக்கும் சோடியம் பாலிஅக்ரிலேட் என்ற பொடி சிறுநீரை ஜெல்லாக்கிவிடும். குழந்தைக்கு ஈரம் உறுத்தாது, அசந்து தூங்கும். துணி டயப்பரில் பருத்தி அல்லது மைக்ரோஃபைபர் பேட்தான் எல்லாவற்றையும் தாங்க வேண்டும். இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். மைக்ரோஃபைபர் பேட் நேரடியாகத் தோலில் படக்கூடாது, தோலை வறட்டிவிடும்.

துவைக்கும் வேலை பழகிவிடும். மலத்தைக் கழிவறையில் தட்டிவிட்டு, பச்சைத் தண்ணீரில் அலசி, அப்புறம் சோப்புத்தூள். வாசனைக்கு ஊற்றும் கண்டிஷனர் மட்டும் வேண்டவே வேண்டாம். நூலில் படிந்து உறிஞ்சவிடாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில்தான் திண்டாட்டம். வெளியுறை சட்டென்று காயும், பேட் காயாது. அதனால் கூடுதலாக வாங்குவதானால் பேட்களை வாங்குங்கள்.

செலவு துணியில் முதலிலேயே மொத்தமாக வரும், ஆனால் அடுத்த குழந்தைக்கும் ஆகும்.

என்னைத் துணிப் பக்கம் இழுத்தது குப்பைதான். பயன்படுத்திய டயப்பரை நன்றாகச் சுற்றி உலர் குப்பைத் தொட்டியில் போட வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளே சொல்லின. சுற்றாமல் அப்படியே போடுகிறவர்கள்தான் அதிகம். தூய்மைப் பணி செய்யும் அக்காக்கள் அதைக் கையால் பிரிப்பதைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

தண்ணீர் லாரியை நம்பியிருக்கும் வீட்டுக்கு மட்டும் துணி டயப்பரை நான் வற்புறுத்த மாட்டேன்.