கார்மின் ஆல்பா 100, டிடி 15 மினி: பீகிள் விட்டு ஸ்னோஷூ முயல் வேட்டையாடுபவர்களுக்கு

அமெரிக்காவின் மிஷிகன் மாநிலத்து மேல் தீபகற்பத்தில் பீகிள் என்னும் சிறிய மோப்பநாயை விட்டு முயல் வேட்டையாடுபவர்கள் கையில் இன்றும் புழங்குகிறது, நாய் இருக்கும் இடத்தைத் திரையில் காட்டும் கார்மினின் பழைய ஆல்பா 100 கைக்கருவி. ஆல்பா 200-ம் 300-ம் வந்துவிட்டன. ஆனாலும் இரண்டாம் கையில் வாங்க நினைப்பவர்களுக்கு இந்தப் பழைய கருவியும் நாயின் கழுத்தில் மாட்டும் டிடி 15 மினி ஜிபிஎஸ் காலரும் சேர்ந்த ஜோடி போதுமானது என்பதே இங்கே சொல்ல வருவது. ஒரு நிபந்தனை உண்டு: முயலைச் சுட உதவும் என்று நினைத்து வாங்கக் கூடாது. இருட்டுவதற்குள் நாயைத் திரும்ப வண்டியில் ஏற்றத்தான் இது.

காட்டன்டெயில் என்ற சாதாரணக் காட்டு முயலைத் துரத்தினால் சீக்கிரமே ஏதாவது வளைக்குள் புகுந்துவிடும். குளிர்காலத்தில் வெள்ளையாக மாறும் ஸ்னோஷூ முயல் வளையை நம்புவதில்லை. அகன்ற பின்னங்கால்களை வைத்துப் பனிமேல் மிதந்து, தன் எல்லைக்குள்ளேயே வட்டமடித்து ஓடிக்கொண்டே இருக்கும். நல்ல நாயாக இருந்தால் ஒரே முயலை மணிக்கணக்கில் ஓட்டும். வட்டம் சில நேரம் காதுக்கு எட்டாத தூரத்துக்கு நீளும். காற்று எதிராக அடித்தாலோ, கிளைகளில் ஈரப்பனி அப்பியிருந்தாலோ பீகிளின் குரல் சீக்கிரமே அமுங்கிப்போகும். அந்த இடத்தில்தான் காலர் வேண்டியிருக்கிறது.

முதலில் தூரக் கணக்கு. டிடி 15 பெரிய காலருக்கு 9 மைல், மினிக்கு 4 மைல் என்பது நிறுவனம் சொல்லும் எண்ணிக்கை. தடையில்லாத நேர்ப்பார்வைக்கு மட்டுமே அது பொருந்தும். சீடர் மரங்கள் அடர்ந்த சதுப்பு அப்படிப்பட்ட இடம் அல்ல. காலர் பேசுவது 151 முதல் 154 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள முர்ஸ் (MURS) என்ற பொது வானொலி அலைவரிசைகளில். அமெரிக்காவில் இதற்குத் தனி உரிமம் தேவையில்லை. இந்த அலைகளை ஈரமான இலையும் கிளையும் உறிஞ்சும். அதற்கு மேல் பீகிளின் உயரம் வேறு. தோள்வரை 13 முதல் 15 அங்குலம் உள்ள நாய் மென்பனியில் புதைந்து ஓடும்போது ஆன்டெனா கிட்டத்தட்டப் பனிமட்டத்தில்தான் இருக்கும். ஆகவே அடர்ந்த சதுப்பில் மினியிடம் ஒரு மைல் எதிர்பார்ப்பதே தாராளம். சிக்னல் போனால் நாய் கடைசியாகத் தெரிந்த இடத்தை நோக்கிச் சதுப்புக்குள் இறங்காதீர்கள். மேட்டுக்கோ பழைய மரம்வெட்டும் பாதைக்கோ ஏறி, கைக்கருவியைத் தலைக்கு மேல் ஆன்டெனா செங்குத்தாக நிற்கும்படி பிடியுங்கள். கைக்கருவிக்கு நீள ஆன்டெனா ஒன்று தனியாகக் கிடைக்கிறது, அதை வாங்கிவிடுவது நல்லது. இந்த ஜோடியில் செலவழிக்கும் பணத்தில் அதிகம் பலன் தருவது அதுதான்.

அப்படியானால் பெரிய காலரே வாங்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. டிடி 15-ன் எடை ஏறக்குறைய 286 கிராம், மினி 218 கிராம். சின்ன பீகிளுக்கு அந்த வித்தியாசம் நாள் முடிவில் கழுத்தில் தெரியும். 15 அங்குல வகை, திடமான நாய், பெரும் சதுப்பு என்றால் பெரியதைப் போடுங்கள். 13 அங்குல நாய்க்கு மினியே சரி. மான் பின்னால் போகாத, கூப்பிட்டால் வருகிற முதிர்ந்த நாய்க்குத் மின்தூண்டல் வசதி இல்லாத, இடத்தை மட்டும் காட்டும் டி 5 மினி காலர் போதும். இளம் நாய்க்கு அந்த வசதி உள்ள டிடி. ஆனால் அதிலும் ஒலியையும் அதிர்வையும் முதலில் பழக்குங்கள். ஒலி கேட்டால் திரும்பி வர வேண்டும் என்பதை வீட்டு முற்றத்திலேயே கற்பித்துவிட்டுத்தான் காட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும். முயல் தடத்தில் குரல் கொடுத்து ஓடும் நாய்க்கு அர்த்தம் புரியாமல் மின்தூண்டல் கொடுத்தால் முயலையே வெறுத்துவிடும். அப்படிக் கெட்ட நாயை மறுபடி தடத்தில் ஏற்றுவது பெரும்பாடு.

மாட்டும் விதத்தில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். எடையுள்ள பெட்டி தொண்டைக்குக் கீழே, ஜிபிஎஸ் பகுதி பிடரிமேல் வானத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும். பட்டை தளர்ந்தால் பெட்டி பக்கவாட்டில் சுழலும், ஜிபிஎஸ் நாயின் உடம்புக்குப் பின்னால் மறையும், திரையில் நாய் குதித்துக் குதித்து இடம் மாறும். கருவி பழுது என்று நினைத்து அனுப்பப்படுகிற பல காலர்களுக்குத் தேவை ஒரு துளை இறுக்கம்தான். வேட்டை முடிந்ததும் கழற்றி, கழுத்து ரோமத்தை விரலால் பிரித்துப் பாருங்கள். காலரின் மின்தூண்டல் முனைகள் பட்ட இடத்தில் தோல் சிவந்திருந்தால் மறுநாள் அந்த நாய்க்கு ஓய்வு.

கிளம்பும்போது அவசரம் கூடாது. காலரைத் திறந்த வெளியில் போட்டு, பச்சை விளக்கு ஒற்றையாக மின்னுவது நின்று இரண்டு மூன்றாக மின்னும் வரை நாயை விடாதீர்கள். அதற்குள் வண்டி நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், நாய் ஓடிய பாதையைத் திரையில் காட்டும் பழைய கோடுகளை அழித்துவிடுங்கள். நேற்றைய கோடும் இன்றைய கோடும் கலந்து கிடந்தால் வட்டத்தைப் படிக்கவே முடியாது. திசைகாட்டியை பேட்டரி மாற்றிய பிறகும், வெப்பநிலை வெகுவாக மாறிய பிறகும் மறுபடி சரிசெய்ய வேண்டும். துப்பாக்கிக் குழலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரும்பு அதன் முள்ளை இழுத்துவிடும்.

இடத்தைப் புதுப்பிக்கும் வேகத்தை 5 நொடியில் வையுங்கள். 2.5 நொடி பேட்டரியைத் தின்னும், முயல் வேட்டைக்கு அந்த நுணுக்கம் அவசியமும் இல்லை. மினிக்கு 20 முதல் 30 மணி நேரம் என்பது மிதமான குளிரில். கடுங்குளிரில் லித்தியம் பேட்டரியின் கொள்ளளவு சுருங்கும், அதனால் கைக்கருவிக்கு ஒரு உபரி பேட்டரியை உள்சட்டைப் பையில் உடல் சூட்டில் வைத்துக்கொள்ளுங்கள். காலரின் பேட்டரி கால்பங்குக்குக் கீழே இறங்கினால், மீட்பு வசதி தானாகவே இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை என்று வேகத்தைக் குறைத்துவிடும். திரையில் நாய் நகரவே இல்லை என்று பதறுவதற்கு முன் அதைப் பாருங்கள்.

இனி திரையைப் படிப்பது. கோடு உங்களுக்குக் காட்டுவது நாயை. முயல் அதற்கு முன்னால், சில நேரம் பல நிமிடம் முன்னால், ஓடிக்கொண்டிருக்கும். நாயின் குறியை நோக்கி நடந்தால் முயலின் பாதையை நீங்களே மிதித்துக் கலைப்பீர்கள். முதல் வட்டத்தை முழுதாக வரைய விடுங்கள். முயலை எந்த இடத்தில் கிளப்பினீர்களோ அதன் அருகிலும், கோடு பழைய பாதையைக் கடந்த இடத்திலும்தான் இரண்டாம் வட்டம் பெரும்பாலும் திரும்ப வரும். அங்கே கொஞ்சம் திறந்த வெளி இருந்தால் மரத்தில் சாய்ந்து அசையாமல் நில்லுங்கள், கருவியைப் பைக்குள் போடுங்கள். வெள்ளை முயல் வெள்ளைப் பனியில் வரும்போது முதலில் தெரிவது கருங்கண்ணும் காதின் கருநுனியும்தான். திரைமேல் கண் வைத்தவருக்கு அது தெரியப்போவதில்லை.

கோடு சிக்கலாக முடிச்சு விழுந்திருந்தால் நாய் மோப்பத்தை விட்டுவிட்டது. முயல் தன் தடத்திலேயே திரும்பி ஓடிப் பக்கவாட்டில் தாவியிருக்கும். தலையிடாமல் விடுங்கள், நல்ல நாய் தானே அவிழ்க்கும். கோடு வளையாமல் ஒரே திசையில் மைல் கணக்கில் நீண்டால் அது மான் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒலியால் உடனே திரும்பக் கூப்பிடுங்கள். இரண்டு நாய்க் குறிகள் வெகுதூரம் பிரிந்தாலும் ஏதோ ஒன்று வேறு விலங்கின் பின்னால் போகிறது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். திரையில் நாய் தள்ளி இருக்கிறது என்ற நம்பிக்கையில் ஒருபோதும் சுடாதீர்கள். குறி சில நொடி பழையது, ஜிபிஎஸ் சில மீட்டர் தவறும். முயல் மட்டும் முழுசாகக் கண்ணில் பட்டு, பின்னால் நாய் இல்லை என்று கண்ணாலேயே உறுதியானால் மட்டும் சுடுங்கள்.

பொதுநிலத்தில் இந்தக் கருவிக்கு இன்னொரு பயன் உண்டு. ஹையவாதா, ஒட்டாவா தேசியக் காடுகளும் மாநிலக் காடுகளும் பெரியவைதான், ஆனால் நடுவே தனியார் நிலம் ஒட்டுப்போட்டது போல் கிடக்கிறது. வணிகக் காட்டுத் திட்டத்தில் சேர்ந்த தனியார் நிலங்களில் நடந்துபோய் வேட்டையாடலாம், மற்றவற்றில் அனுமதி கேட்டுக்கொள்வதே நல்லது. நாய்க்கு எல்லைக்கோடு தெரியாது. நில உரிமை காட்டும் மைக்ரோஎஸ்டி வரைபட அட்டையைக் கருவியில் போட்டுக்கொண்டால் எந்த இடத்தில் முயலைக் கிளப்பக் கூடாது என்பது முன்பே தெரியும். நாய் எல்லை தாண்டிவிட்டால், முன்னரே தடுக்கப்படாதவரை, துப்பாக்கி இல்லாமல் நடந்துபோய் நாயை மட்டும் அழைத்துவர மிஷிகன் சட்டம் அனுமதிக்கிறது. துப்பாக்கியை வண்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும். பருவம் செப்டம்பர் 15 முதல் மார்ச் 31 வரை, ஒரு நாளைக்குக் காட்டன்டெயிலும் ஸ்னோஷூவும் சேர்த்து 5. கிளம்புமுன் அந்த ஆண்டின் விதிப்புத்தகத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆரஞ்சு உடை கட்டாயம்.

ஓநாய் விஷயத்தில் காலரை நம்பி அசட்டையாக இருக்க முடியாது. மேல் தீபகற்பத்தில் ஓநாய்கள் வேட்டைநாய்களைக் கொன்றிருக்கின்றன. புதிய ஓநாய்த் தடமோ எச்சமோ கண்டால் அந்தச் சதுப்பை விட்டு வேறிடம் போவதே சரி. காலர் தாக்குதலைத் தடுக்காது. ஓட்டத்தில் இருந்த குறி திடீரென்று நின்றுவிட்டால் உடனே போய்ப் பார்க்க மட்டும் வழிசெய்யும். கம்பிக் கண்ணியில் மாட்டிய நாய்க்கும் காலர் அந்த அளவுக்குத்தான் உதவும், அதனால் கம்பி வெட்டும் கத்தரி பையில் இருக்கட்டும்.

நிறுத்துமிடத்தில் இன்னொரு கோஷ்டி இருந்தால், இரண்டு காலருக்கும் ஒரே அடையாள எண் அமைந்து குழப்பம் வரலாம். உங்கள் எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள், அரை நிமிட வேலை.

பழைய ஜோடி வாங்கும்போது பார்க்க வேண்டியவை: கைக்கருவியின் பின்மூடி பேட்டரி உப்பி மேலே தள்ளியிருக்கிறதா, காலர் ஆன்டெனா அடியில் வெடிப்பு உண்டா, சார்ஜ் முனைகள் பச்சை பிடித்திருக்கின்றனவா. பச்சையை அழிரப்பரால் தேய்த்துப் போக்கலாம். வெடித்த ஆன்டெனாவை மாற்றாமல் வாங்காதீர்கள். விற்பவர் முன்னாலேயே காலரைக் கைக்கருவியுடன் சேர்த்து, ஒருவர் காலரோடு மரங்களுக்குள் அரை மைல் நடக்க, மற்றவர் திரையைப் பார்த்துச் சரிபார்த்த பிறகே பணம் கொடுங்கள்.